வேலை தேடும் நாட்களில் ஜெபம்

எந்தச் சபையிலும் ஜெபக் குறிப்புப் பெட்டியைத் திறந்து பார்த்தால், ‘மகனுக்கு நல்ல வேலை கிடைக்க’, ‘மகள் வேலைக்காக’ என்று எழுதிய துண்டுத் தாள்கள் நாலைந்தாவது இருக்கும். கையெழுத்து பெரும்பாலும் அம்மாவுடையது. அந்த மகனோ மகளோ ஆராதனை முடியும் முன்பே பின்வாசல் வழியாக வெளியே போயிருப்பார்கள். வாசலில் நின்றால், “தம்பி, இப்ப என்ன பண்றீங்க?” என்று யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்தே கோவிலுக்கு வருவதை நிறுத்தியவர்கள் உண்டு.

இந்த அதிகாரம் அந்த மகனுக்கும் மகளுக்கும். உங்களுக்காக அம்மா ஜெபிப்பது நல்லது, அது தொடரட்டும். ஆனால் உங்கள் வேலைக்கான ஜெபத்தை நீங்களே எடுத்துச் செய்யவேண்டிய நேரம் இது. அதை எப்படிச் செய்வது என்பதைத்தான் இங்கே பேசப்போகிறோம்.

நெகேமியாவிடம் கற்றுக்கொள்வது

வேலைக்காக ஜெபிப்பவர்கள் படிக்கவேண்டிய பகுதி எது என்று என்னைக் கேட்டால், நெகேமியா புத்தகத்தின் முதல் இரண்டு அதிகாரங்களைத்தான் சொல்வேன். அவர் வேலை இல்லாதவர் அல்ல. சூசான் அரண்மனையில் ராஜாவின் பானபாத்திரக்காரர், பெரிய உத்தியோகம். எருசலேமின் அலங்கம் இடிந்து கிடக்கிறது என்ற செய்தி கிஸ்லேவு மாதத்தில் அவருக்கு வருகிறது. உட்கார்ந்து அழுகிறார், உபவாசம் இருக்கிறார், ஜெபிக்கிறார். ராஜாவிடம் வாய் திறக்க அவருக்கு வாய்ப்புக் கிடைப்பது நிசான் மாதத்தில். நடுவில் ஏறக்குறைய நான்கு மாதம். அந்த நான்கு மாதமும் அவர் தன் வேலையைச் செய்துகொண்டு, கிண்ணத்தை ஏந்திக்கொண்டு, காத்திருந்தார்.

அடுத்து நடப்பதைக் கவனமாகப் படியுங்கள். “ஏன் முகவாட்டமாக இருக்கிறாய், என்ன வேண்டும்?” என்று ராஜா கேட்கிறார். நெகேமியாவுக்கு மிகவும் பயம். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில், அந்த ஒரு நொடியில் மனதுக்குள் ஜெபிக்கிறார். பிறகு பேசுகிறார். அவர் பேசுவது எவ்வளவு தெளிவு! எத்தனை நாள் ஆகும் என்று கேட்டதற்குக் காலத்தைக் குறித்துச் சொல்கிறார். வழியிலுள்ள தேசாதிபதிகளுக்குக் கடிதம் வேண்டும் என்கிறார். மரம் வேண்டும் என்கிறார். ராஜாவின் வனத்துக்கு அதிகாரி யார் என்பதுகூட அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆசாப் என்று பெயர் சொல்லியே கடிதம் கேட்கிறார்.

நான்கு மாதம் முழங்காலில் நின்ற மனிதர் மர டிப்போ பொறுப்பாளரின் பெயர்வரை விசாரித்து வைத்திருக்கிறார். ஜெபம் அவரைச் சும்மா இருக்கவிடவில்லை. விசாரித்து வைத்திருந்ததால், ஜெபம் இனித் தேவையில்லை என்றும் அவர் நினைக்கவில்லை. வேலை தேடும் ஒரு விசுவாசியிடம் நான் எதிர்பார்ப்பது இந்த இரண்டையும் சேர்த்துத்தான்.

நோட்டில் எழுதுங்கள்

‘நல்ல வேலை தாரும் ஆண்டவரே’ என்ற ஜெபத்தில் தப்பில்லை. ஆனால் மாதக்கணக்கில் அதையே சொல்லிக்கொண்டிருந்தால் மனம் மரத்துப்போகும். ஜெபத்தை நோட்டில் எழுதிச் செய்வதை நான் சிபாரிசு செய்கிறேன். நாற்பது பக்க நோட்டு போதும். இடது பக்கம் காலையில் கேட்ட ஜெபம், வலது பக்கம் அன்று செய்த வேலை.

டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்த ஒரு பையன் என்னிடம் காட்டிய நோட்டு நினைவுக்கு வருகிறது. ஒரு செவ்வாய்க்கிழமை வலது பக்கத்தில் இப்படி எழுதியிருந்தான்: ‘அம்பத்தூர் எஸ்டேட். மூன்று இடத்தில் பயோடேட்டா கொடுத்தேன். இரண்டாவது இடத்தில் ஃபானுக் கன்ட்ரோல் ஓட்டத் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியாது என்றேன்.’ மறுநாள் இடது பக்கத்தில் ஒரே வரி: ‘ஃபானுக் சொல்லித்தர ஒரு ஆளைக் காட்டும் ஆண்டவரே.’ அப்படி எழுதியபிறகு அவனால் சும்மா இருக்க முடியவில்லை. விசாரித்ததில், சபைப் பாடகர் குழுவில் பாஸ் பாடும் அண்ணன் ஒருவர் டூல் ரூமில் பல வருடம் இருந்தவர் என்று தெரிந்தது. ஒவ்வொரு ஞாயிறும் இரண்டு வரிசை முன்னால் நின்று பாடியவர்தான். இவன் அதுவரை அவரிடம் பேசியதே இல்லை.

வேலை அந்த வாரமே வந்துவிடவில்லை. பல மாதம் கழித்து, நைட் ஷிஃப்ட்டில், அவன் நினைத்ததைவிடக் குறைந்த சம்பளத்தில்தான் வந்தது. இருந்தாலும் அந்த நோட்டின் பின்பாதியைப் புரட்டினால் ஒரு மாற்றம் தெரியும். ஜெபங்கள் சின்னதாகவும் கூர்மையாகவும் ஆகியிருக்கின்றன. ‘ஆங்கிலத்தில் என்னை அறிமுகப்படுத்தும்போது நாக்கு குழறாதிருக்க.’ ‘அப்பாவிடம் பஸ் காசு கேட்கும்போது எரிச்சல்படாதிருக்க.’ இப்படிப்பட்ட ஜெபங்களுக்கு அன்றன்றைக்கே பதில் கிடைத்ததா என்று பார்க்கலாம். பெரிய ஜெபத்துக்குப் பதில் தாமதமாகும் காலத்தில், இந்தச் சின்னப் பதில்கள் ஒரு மனிதரைத் தாங்கிப்பிடிக்கும்.

வலது பக்கம் வெறுமையாகவே இருக்கிறது என்றால் அதையும் ஜெபத்தில் சொல்லுங்கள். மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்துக்குப் போயிருக்கிறீர்களா? படிப்பைப் பதிவுசெய்துவிட்டு மறந்துபோகிறவர்கள் அதிகம். பதிவை 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும். அங்கே நடக்கும் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் போட்டித் தேர்வுகளுக்கு இலவசமாக வகுப்பு எடுக்கிறார்கள், தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்களும் நடத்துகிறார்கள். அந்தப் படியேறுவது விசுவாசக் குறைவு ஆகாது. ரூத் கதிர் பொறுக்க வயலுக்குப் போன பிறகுதான் அது போவாசின் வயல் என்று தெரியவந்தது.

இன்டர்வியூ அன்று நீண்ட ஜெபம் வேண்டாம். பெயர் கூப்பிடும்வரை வெளியே காத்திருக்கும் நேரத்தில், நெகேமியாவைப் போல ஒரு மூச்சில் ஜெபியுங்கள். பக்கத்து நாற்காலியில் அதே ஃபைலுடன் உட்கார்ந்திருப்பவருக்கும் ஒரு வீடு இருக்கிறது, அவருக்காகவும் ஒரு தாய் எங்கோ ஜெபித்துக்கொண்டிருப்பாள். அவர் தோற்கவேண்டும் என்று கேட்க நமக்கு உரிமையில்லை. எனக்குத் தெரிந்ததைத் தெளிவாகச் சொல்ல உதவும், தெரியாததைத் தெரியாது என்று சொல்லத் தைரியம் தாரும், இவருக்கும் ஒரு வழி திறவும். இவ்வளவு போதும்.

பல போட்டித் தேர்வுகள் ஞாயிறு காலையில்தான் நடக்கின்றன. அதிகாலை ஆராதனை இருந்தால் அதற்குப் போய்விட்டுத் தேர்வுக்குப் போங்கள். இல்லையென்றால் தேர்வு முடிந்து மாலை ஆராதனைக்கு வாருங்கள். இதைப் பெரிய பாவமாக்கி ஒரு பிள்ளையின் ஹால் டிக்கெட்டைக் கிழிக்கவைக்கும் பெற்றோரை நான் ஆதரிக்கமாட்டேன்.

வாக்குத்தத்த அட்டையும் தாமதமும்

வருடப் பிறப்பு நள்ளிரவு ஆராதனையில் நாம் வாங்கும் வாக்குத்தத்த அட்டைகளிலும், வீட்டுச் சுவர்க் காலண்டர்களிலும் எரேமியா 29ஆம் அதிகாரம் 11ஆம் வசனத்தை அடிக்கடி பார்க்கலாம். எதிர்காலத்தைக் குறித்து நம்பிக்கை தரும் அருமையான வசனம். வேலை தேடும் பலர் அதை மேஜைமேல் ஒட்டிவைத்திருக்கிறார்கள். ஆறு மாதம் ஆகி ஒன்றும் நடக்காதபோது அதே அட்டை குத்தலாகத் தெரிய ஆரம்பிக்கிறது.

அந்த அதிகாரத்தை முழுதாகப் படித்தால் இந்த வலி குறையும். பாபிலோனுக்குச் சிறையாகப் போனவர்களுக்கு எரேமியா எழுதி அனுப்பிய கடிதம் அது. விடுதலை வர 70 ஆண்டு ஆகும் என்று 10ஆம் வசனம் சொல்கிறது. அதுவரை என்ன செய்வது? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அதன் பலனைச் சாப்பிடுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் நன்மைக்காக ஜெபியுங்கள் என்று 5ஆம் வசனத்திலிருந்தே சொல்லியாகிவிட்டது. உடனே வீட்டுக்குப் போய்விடுவீர்கள் என்று சொன்ன தீர்க்கதரிசிகளை நம்பவேண்டாம் என்ற எச்சரிப்பும் அதே கடிதத்தில் இருக்கிறது. 11ஆம் வசனத்தின் நம்பிக்கை, நீண்ட காத்திருப்புக்கு நடுவில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்களுக்குக் கொடுக்கப்பட்டது.

ஆகவே காத்திருக்கும் காலத்தில் ஒரு தோட்டம் போடுங்கள். டேலி கற்பது, ஓட்டுநர் உரிமம் எடுப்பது, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு மாலையில் டியூஷன் எடுப்பது, எதுவானாலும் சரி. படித்த படிப்புக்குக் குறைவான வேலை தற்காலிகமாக வந்தால், வெட்கப்பட்டுத் தள்ளாதீர்கள். பவுல் கொரிந்துவில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாவோடு தங்கிக் கூடாரம் தைத்தவர்.

கோபம் வந்தால் அதையும் ஆண்டவரிடமே சொல்லலாம். 13ஆம் சங்கீதம் ஆறே வசனம்தான். எவ்வளவு காலம் என்ற கேள்வியை தாவீது அதில் நான்கு முறை கேட்கிறார். அப்படிக் கேட்டதற்காக அவரை யாரும் அவிசுவாசி என்று சொல்லவில்லை. அந்தச் சங்கீதத்தைச் சத்தமாக வாசிப்பதே ஒரு ஜெபம். ‘எல்லாம் நன்மைக்கே’ என்று சிரித்த முகத்தோடு நடிப்பதைவிட அது நேர்மையானது.

கத்தோலிக்க வீடுகளில் இந்த நாட்களில் புனித சூசையப்பரிடம் நவநாள் செய்வார்கள். தச்சர் அல்லவா! 1955இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், தொழிலாளர் தினமான மே 1ஐயே தொழிலாளரான சூசையப்பரின் விழாவாக்கினார். கையால் உழைத்துக் குடும்பம் காத்த ஒருவரைக் கண்முன் வைத்து ஜெபிப்பதில் ஒரு தனி ஆறுதல் இருக்கத்தான் செய்கிறது.

முதலில் சாப்பாடும் தூக்கமும்

1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தில் எலியா சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும், சாகவேண்டும் என்கிறார். தேவதூதன் வந்து அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்கிறான். அவர் சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்குகிறார். தூதன் அதையும் அனுமதிக்கிறான், பிறகு மறுபடியும் எழுப்பிச் சாப்பிடவைக்கிறான். கர்த்தர் அவரோடு பேசுவது எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இன்டர்வியூவுக்கு முந்தின இரவு முழு இரவு ஜெபம் வேண்டாம் என்று நான் கண்டிப்பாகச் சொல்வது இதனால்தான். இன்டர்வியூ அன்று உபவாசமும் வேண்டாம். உபவாசிக்க விரும்பினால் வேறொரு நாளில் ஒருவேளை உணவை விடுங்கள். சர்க்கரை, அல்சர் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் செய்யக்கூடாது.

தூக்கமே இல்லை, எதிலும் பிடிப்பில்லை, செத்துப்போகலாம் என்ற எண்ணம் வருகிறது என்றால் அதை ஜெபக் குறிப்பாக மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். இன்றைக்கே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அரசின் டெலி மானஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள். மாத்திரை எழுதிக்கொடுத்தால் போடுங்கள். அடையையும் தண்ணீரையும் அனுப்பியவர் டாக்டரையும் அனுப்புவார்.

அடையாளம், தீர்க்கதரிசனம், பணம்

எந்த வேலைக்குப் போவது என்று சீட்டுப் போட்டுப் பார்க்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. கிதியோன் ரோமத்தோலைப் போட்டுப் பார்த்ததைச் சொல்வார்கள். கிதியோனுக்கு என்ன செய்யவேண்டும் என்று ஏற்கெனவே தெளிவாகச் சொல்லப்பட்டிருந்தது. அவர் அடையாளம் கேட்டது பயத்தினால். இரண்டு வேலை கையில் இருந்தால், சம்பளம், பயண நேரம், வேலையின் தன்மை, வயதான அப்பா அம்மாவைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்பதையெல்லாம் தாளில் எழுதி, ஜெபித்து, பக்குவமான இரண்டு பேரிடம் ஆலோசனை கேட்டு முடிவெடுங்கள். அறிவும் ஆண்டவர் கொடுத்ததுதான்.

‘இந்த மாதத்துக்குள் உனக்கு வேலை என்று கர்த்தர் சொல்கிறார்’ என்று யாராவது சொன்னால் நன்றி சொல்லிவிட்டுத் தேடலைத் தொடருங்கள். அதோடு சேர்த்து விதைப்புக் காணிக்கை கேட்டால் கொடுக்காதீர்கள். வருமானம் இல்லாத உங்களிடம் கடன் வாங்கியாவது கொடு என்று ஆண்டவர் கேட்கமாட்டார். ஒருவரிடம் இல்லாததின்படி அல்ல, இருப்பதின்படியே காணிக்கை ஏற்கப்படும் என்று பவுல் 2 கொரிந்தியர் 8ஆம் அதிகாரத்தில் எழுதியிருக்கிறார்.

சபைக்குள் வரும் வெளிநாட்டு வேலை ஏஜெண்டுகளிடம் இரட்டிப்புக் கவனம் தேவை. “நம்ம விசுவாசிதான், ஊழியக்காரர் தம்பிதான்” என்ற ஒரே காரணத்துக்காக நகையை அடகுவைத்துப் பணம் கட்டிய குடும்பங்கள் உண்டு. ஏஜெண்டுக்கு மத்திய வெளியுறவு அமைச்சகத்தின் பதிவு இருக்கிறதா என்று இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். பதிவுபெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். டூரிஸ்ட் விசாவில் போ, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். கம்போடியாவுக்கும் மியான்மருக்கும் டேட்டா என்ட்ரி வேலை என்று நம்பிப்போய், இணைய மோசடிக் கும்பல்களிடம் மாட்டிக்கொண்ட நம் பிள்ளைகளின் கதை எல்லோருக்கும் தெரியும். ஊழியக்காரர் ஜெபித்து அனுப்பியதால் விசா சரியாகிவிடாது.

விண்ணப்பத்தில் உண்மை

வேலை தேடும் விசுவாசிக்கு மிகக் கடினமான சோதனை விண்ணப்பப் படிவத்தில்தான் வருகிறது. பணம் கொடுத்து வாங்கும் அனுபவச் சான்றிதழ் ஒன்று. லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு ‘பேக்டோர்’ வழியாக ஐடி கம்பெனியில் சேர்த்துவிடுகிறேன் என்பது இன்னொன்று. பொய்யான சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு, வெரிஃபிகேஷனில் மாட்டாதிருக்க ஜெபிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஜெபத்தில் அவர்களாலேயே நிலைத்து நிற்க முடிவதில்லை. அந்தத் தாளைக் கிழித்துப்போட்ட பிறகுதான் மறுபடி கண்மூடி ஜெபிக்க முடிந்தது என்று சொன்னவர்களும் உண்டு.

சாதிச் சான்றிதழ் விஷயம் இதைவிட வேதனையானது. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் ஆணையின்படி இந்துக்களும், பின்னர் சேர்க்கப்பட்ட சீக்கியரும் பௌத்தரும் மட்டுமே பட்டியல் சாதியினராகக் கருதப்படுகிறார்கள். கிறிஸ்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். ஞானஸ்நானம் எடுத்ததால் சேரியில் வீடு மாறிவிடவில்லை, டீக்கடையில் பார்வை மாறிவிடவில்லை, சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்தில்கூட சுவர் நிற்கிறது. அப்படியிருக்க, உரிமை மட்டும் போய்விடுவது அநீதி என்றே நான் நம்புகிறேன். அதை மாற்றப் பல ஆண்டுகளாகப் போராடுகிறவர்களோடு சபைகள் உறுதியாக நிற்கவேண்டும்.

ஆனால் இன்று படிவத்தை நிரப்பும் பிள்ளைக்கு நான் சொல்லவேண்டியது வேறு. 2024 நவம்பரில், புதுச்சேரியில் ஒரு அரசுப் பணிக்கான வழக்கில், கிறிஸ்தவராக வாழ்ந்துகொண்டே இடஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்துப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்பதை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. சான்றிதழ் ரத்தானால் பல வருடம் வேலை பார்த்த பிறகும் வேலை போகலாம். கோவிலுக்கு ஒளிந்து வரவேண்டிய வாழ்க்கை பிள்ளைகள் வரைக்கும் தொடரும். உங்களுக்குச் சட்டப்படி உள்ள பிரிவு எது என்பதை வருவாய்த்துறையிலும், விவரம் தெரிந்த வழக்கறிஞரிடமும் கேட்டு, அதன்படி நிரப்புங்கள். வேறு வழியில்லாமல் வேறு விதமாக நிரப்பியவரைச் சபையில் வைத்து இழிவாகப் பேசுகிறவர்கள், முதலில் அவர் வீட்டில் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து பேசட்டும்.

வீட்டாருக்கும் சபையாருக்கும்

மத்தேயு 20இல் இயேசு சொன்ன திராட்சத்தோட்டக் கதையில், மாலை ஐந்து மணிக்கும் கடைத்தெருவில் சிலர் நின்றுகொண்டிருக்கிறார்கள். நம் ஊரில் காலையில் தூக்குச்சட்டியோடு ஜங்ஷனில் நிற்கும் கொத்தனார், சித்தாள்களில் கடைசிவரை யாரும் கூப்பிடாதவர்களைப் போல. ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று எஜமான் கேட்கிறார். எங்களை யாரும் வேலைக்கு வைக்கவில்லை என்கிறார்கள். அந்தப் பதிலை அவர் அப்படியே நம்புகிறார். சோம்பேறி என்று சொல்லவில்லை, காலையில் எங்கே போனாய் என்று குடையவில்லை. போ, நீயும் வேலை செய் என்கிறார், முழுக் கூலி கொடுக்கிறார்.

உங்கள் வீட்டில் வேலையில்லாமல் இருப்பவரையும் அப்படி நம்புங்கள். சாப்பாட்டுத் தட்டை வைக்கும்போது பக்கத்து வீட்டுப் பையனின் சம்பளத்தைப் பேசாதீர்கள். ஆசீர்வாத ஜெபம் முடிந்ததும் கோவில் வாசலில் என்ன பண்றீங்க என்று கேட்பதை விட்டு, “எந்த மாதிரி வேலை பார்க்கிறீங்க தம்பி? பயோடேட்டா ஒண்ணு அனுப்புங்க, எங்க ஆபீஸில கேட்டுப் பார்க்கிறேன்” என்று சொல்லுங்கள். சொன்னதை அந்த வாரமே செய்யுங்கள். வாலிபர் ஐக்கியக் கூட்டத்தில் மாதம் ஒருமுறை, வேலையில் இருப்பவர்கள் மற்றவர்களின் பயோடேட்டாவைத் திருத்திக்கொடுத்து, மாதிரி இன்டர்வியூ நடத்தலாம். செலவு டீயும் பிஸ்கட்டும்தான். ஐயர் தன் பிரசங்கத்தில் அதை அறிவித்தாலே பாதிக் கூச்சம் போய்விடும்.

வேலை வந்தபிறகு

முதல் சம்பளம் முழுவதையும் ஆண்டவருக்குத் தருகிறேன் என்று பொருத்தனை பண்ணுகிறவர்கள் உண்டு. பண்ணும் முன் யோசியுங்கள். பொருத்தனை செய்துவிட்டுச் செலுத்தாமலிருப்பதைவிடச் செய்யாமலிருப்பதே மேல் என்பது பிரசங்கி 5ஆம் அதிகாரத்தின் ஆலோசனை. வீட்டில் உங்கள் படிப்புக்காக வாங்கிய வட்டிக் கடன் இருந்தால் அதையும் கணக்கில் எடுங்கள். தாய் தகப்பனுக்குச் சேரவேண்டியதைக் கொர்பான் என்று சொல்லித் தேவனுக்குக் கொடுத்துவிடுவதை இயேசு மாற்கு 7இல் கடுமையாகக் கண்டித்தார். முன்பே பொருத்தனை பண்ணிவிட்டு இப்போது செலுத்த முடியவில்லை என்றால், உங்கள் போதகரிடம் போய்ப் பேசி, தவணையாகச் செலுத்த வழி கேளுங்கள். அதற்காக மறுபடி கடன் வாங்காதீர்கள்.

உங்கள் பெயரைச் சொல்லி வாராவாரம் ஜெபித்த பெண்கள் ஐக்கிய சங்கத்துப் பெரியம்மாக்களுக்கு நேரில் போய்ச் செய்தி சொல்லுங்கள். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். அவர்கள் உங்களுக்காக இன்னும் ஜெபித்துக்கொண்டிருப்பார்கள்.

சாட்சி சொல்ல அழைத்தால் சொல்லுங்கள், ஆனால் முழுதாகச் சொல்லுங்கள். எத்தனை இடத்தில் ஏறி இறங்கினீர்கள், எந்த இன்டர்வியூவில் அழுதீர்கள், யார் பஸ் காசு கொடுத்தார்கள், யார் மூலமாகத் தகவல் வந்தது, சம்பளம் நினைத்ததைவிடக் குறைவா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். உபவாசித்து ஜெபித்தேன், மூன்றாம் நாளே கிடைத்துவிட்டது என்று மட்டும் சொன்னால், அதே உபவாசத்தை உங்களோடு சேர்ந்து இருந்து இன்னும் வேலை கிடைக்காமல் உட்கார்ந்திருக்கும் தங்கச்சி, தன்னிடம் என்ன பாவம் என்று தேட ஆரம்பித்துவிடுவாள். சாட்சி முடிந்ததும் அவளைத் தேடிப்போய், உங்கள் கம்பெனியில் ஆள் எடுக்கும்போது சொல்வதாகச் சொல்லி, பயோடேட்டாவைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.